பாகூரில் அம்மா சாட்சி சொன்னது

என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. நான் அவர்களுக்கு ஒரே பிள்ளை, எனக்குக் கேட்கும். எங்கள் வீட்டில் சண்டை வந்தால் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. ஆனால் பேச்சுக்கு மட்டும் குறைவே இருந்ததில்லை. அப்பா கரும்பு லாரியில் லோடு ஏற்றிவிட்டு வந்து, அன்றைக்கு நடந்ததையெல்லாம் கையாலும் முகத்தாலும் சொல்வார், மேஸ்திரியின் தொப்பை முதற்கொண்டு. அம்மா நடவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். முட்டிவலி வந்த பிறகு வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுக்கொண்டாள்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர்கள் இருவருக்கும் வாயும் காதும் நான்தான். ரேஷன் கடை, கரண்ட் ஆபீஸ், ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் நடுவில் நான் நிற்பேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைப் பற்றிப் புகார் சொன்னால்கூட, அதையும் நானே அம்மாவுக்குச் சைகையில் சொல்லியாக வேண்டும்.

இப்போது பாகூரில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸோடு ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுத் தருவேன். அந்தக் கடையில் பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசின் சேவைகள் ஒழுங்காகப் போய்ச் சேருகின்றனவா என்று நாடாளுமன்றக் குழு ஒன்று ஆராய்கிறது. பொதுமக்கள் தங்கள் கருத்தை எழுத்து மூலம் டெல்லிக்கு அனுப்பலாம். குழுவின் முன் நேரில் பேச விரும்புகிறவர்கள் அதையும் குறிப்பிடலாம். கெட்டியான ஆங்கிலத்தில், பெட்டி கட்டிப் போட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் காட்டினேன். அவள் சைகையில் பேசியதை நான் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு அது அப்படித்தான் கேட்கும்.

"டெல்லிக்காரங்க நம்மள இன்னா கேக்கப் போறாங்க?"

"இன்னா கஷ்டம்னு கேக்கறாங்க. நீ எழுதி அனுப்பலாம்."

"எனக்கு எழுத வராதுன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

நியாயமான கேள்வி. காது கேளாதவர்களிடம் எழுதித் தா என்று கேட்பது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. காதில் விழாத ஒரு மொழியை எழுத்தாகக் கற்பது லேசில்லை. அதுவும் அந்தக் காலத்தில், எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில், கடைசி பெஞ்சில் உட்காரவைத்துப் பலகையைப் பார் என்று விட்டுவிட்ட ஒருத்திக்கு. அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். பஸ் போர்டில் வில்லியனூர், பாகூர் இரண்டையும் அடையாளம் கண்டுகொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பகுதியின் காது கேளாதவர்கள் ஏரிக்கரையில் கூடுவார்கள். வில்லியனூரிலிருந்தும் பூரணாங்குப்பத்திலிருந்தும்கூட வண்டியில் வருவார்கள். அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைதான் பெயர். அம்மாவின் பெயர், இரண்டு மூக்குத்திகளையும் ஒரு விரலால் அடுத்தடுத்துத் தொடுவது. அப்பாவின் பெயர், மீசையை முறுக்குவது. மீசையை எடுத்துப் பல வருஷமாகியும் அந்தப் பெயர் போகவில்லை.

அந்தக் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னேன். பாதிப் பேர் சிரித்தார்கள். ஒருவர், தேர்தல் வந்தால் எல்லாரும்தான் கேட்பார்கள் என்றார். அம்மா நடுவில் போய் நின்றாள்.

"எழுதத் தெரியாதுன்னா பேசுவோம். நாம பேசறத இவ போன்ல புடிக்கட்டும். புடிச்சத எழுதட்டும். ரெண்டையும் அனுப்புவோம். எழுத்து அவங்களுக்கு. படம் நமக்கு."

அப்படியே செய்தோம். ஏரிக்கரையில், முகத்தில் வெயில் விழும்படி நிற்கவைத்து ஒவ்வொருவரையும் பிடித்தேன். பஸ்ஸில் பின்னாலிருந்து கண்டக்டர் கத்தியது கேட்கவில்லை என்பதற்காக அடி வாங்கியவர் பேசினார். வங்கியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டது தெரியாமல் மூடும்வரை உட்கார்ந்திருந்த ஒரு பெண் பேசினாள். அம்மா மட்டும் பேசவில்லை. நேரில் வரச்சொன்னால் அப்போது பேசிக்கொள்கிறேன் என்றுவிட்டாள். கேட்டதற்கு, போனைப் பார்த்துப் பேச வராது, ஆளைப் பார்த்தால்தான் பேச வரும் என்றாள்.

எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி, வீடியோவை பென் டிரைவில் போட்டு அனுப்பினேன். என் ஆங்கிலம் விண்ணப்பம் போடுகிற ஆங்கிலம்தான். பதில் வரும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

பதில் வந்தது. குழு தன் ஆய்வுப் பயணத்தில் புதுச்சேரிக்கும் வருகிறது. கிராமப்புறச் சுகாதார நிலையம் ஒன்றைப் பார்வையிட்ட பின், மனு அனுப்பியவர்களை எங்கள் கொம்யூனிலேயே, அதாவது எங்கள் பஞ்சாயத்துப் பகுதியிலேயே, ஒரு சமுதாயக் கூடத்தில் சந்திக்கும் என்று மின்னஞ்சல். கடையில் நின்றிருந்த வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கி வீட்டுக்கு ஓடினேன். அம்மா அதைப் படிக்கச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போய்த் தன் பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் உதறிப் போட்டாள்.

குழு வருவதற்குச் சில நாள் முன்பு அந்தச் சுகாதார நிலையத்துக்கு வெள்ளையடித்தார்கள். வாசலில் சாய்தளம் ஒன்று புதிதாக முளைத்தது. சிமெண்ட் காயாததால் யாரும் அதில் ஏறாதபடி செங்கல் வைத்து மறித்திருந்தார்கள். அப்பா அதைப் பார்த்துவிட்டு வந்து, மூக்கைச் சுளித்து, தூரிகை பிடிப்பதுபோல் கையை ஆட்டி, தன் முகத்துக்கே வெள்ளையடித்துக் காட்டினார். எங்கள் தெருவில் அன்று அதுதான் பேச்சு.

கூட்டத்தன்று எங்களைப் பின்வரிசையில் உட்காரவைத்தார்கள். மேடை மாதிரி போட்ட நீள மேஜையில் குழு உறுப்பினர்கள். முன்வரிசைகளில் அதிகாரிகள். காது கேளாதவர்களைப் பின்னால் உட்காரவைத்தால் முன்னால் பேசுகிறவரின் உதடுகூடத் தெரியாது என்று அங்கிருந்த ஊழியரிடம் சொன்னேன். "அஜெண்டால உங்களுக்குக் கடைசில டைம் இருக்கும்மா. அப்ப முன்னாடி வந்துக்கலாம்" என்றார். சரி என்று நான் பக்கவாட்டில், எங்கள் ஆட்களைப் பார்த்தபடி நின்று, பேசுவதையெல்லாம் சைகையில் சொல்ல ஆரம்பித்தேன்.

முதலில் துறை அதிகாரி ஒருவர் படக்காட்சி காட்டினார். அதற்காக விளக்குகளை அணைத்தார்கள். ஜன்னல் திரைகளையும் இழுத்துவிட்டார்கள். இருட்டில் என் கை யாருக்கும் தெரியவில்லை. அதிகாரி, இந்தப் பகுதியில் காது கேளாதவர்களுக்கு எல்லாச் சேவைகளும் தடையின்றிக் கிடைக்கின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரைப் பற்றிச் சொல்கிறாரோ அவர்களே அதே அறையில், ஒன்றும் தெரியாமல், இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் என்ன செய்வதென்று யோசிப்பதற்குள் பட்டென்று விளக்குகள் எரிந்தன. சுவரோரம் அம்மா நின்றுகொண்டிருந்தாள், சுவிட்சின் மேல் கை வைத்தபடி.

"யாரும்மா அது? லைட்டை ஆஃப் பண்ணுங்க" என்றார் அதிகாரி. அம்மாவுக்குக் கேட்டால்தானே? ஒரு ஊழியர் போய் விளக்கை அணைத்தார். அவர் திரும்பி நடப்பதற்குள் அம்மா மறுபடி போட்டாள். ஊழியர் அவள் கையைப் பிடிக்கப் போனார்.

மேஜையின் நடுவில் இருந்த குழுத் தலைவி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். தென்மாநிலம் ஒன்றைச் சேர்ந்த அம்மையார். தமிழ் புரியும், கொஞ்சம் வேறு சாயலோடு பேசவும் வரும்.

"அவங்க எதுக்கு லைட் போடறாங்க? கேளுங்க."

நான் கேட்டேன். அம்மா பதில் சொன்னாள். நான் உரக்கச் சொன்னேன்.

"இருட்டுல எங்களுக்குக் காது கேக்காது."

தலைவி பேனாவை எடுத்து எதையோ எழுதினார். பிறகு அதிகாரியைப் பார்த்து, "உங்க ப்ரெசென்டேஷன் எங்ககிட்ட காப்பி இருக்கு, படிச்சுக்கறோம். உட்காருங்க. அவங்கெல்லாம் முன்னாடி வரட்டும்" என்றார்.

நாற்காலிகள் தரையில் இழுபடுகிற சத்தம் பெரிதாக எழுந்தது. எங்கள் ஆட்களுக்கு அது கேட்காதே, அதனால் யாரும் கூச்சப்படாமல் இழுத்தார்கள். பின்வரிசை முன்வரிசையானது. தலைவி அம்மாவையே முதலில் பேசச் சொன்னார்.

அப்போது துறை அதிகாரி எழுந்தார். குரலில் மரியாதை இருந்தது. "மேடம், ஒரு சின்ன விஷயம். சொல்றது இந்தம்மாவோட மகள். ட்ரெயினிங் சர்டிபிகேட் எதுவும் கிடையாது. அம்மா சொல்றதத்தான் இவங்க சொல்றாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்? இது குழுவோட ரெக்கார்டுல போகப் போவுது."

எனக்கு முகம் சூடேறியது. ஆனாலும் அவர் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா கோபப்படவில்லை. "கேக்கறது சரிதான்" என்றாள். கூட்டத்தில் இருந்த ஒரு கன்னியாஸ்திரியைக் காட்டினாள். அவர் நகரத்தில் காது கேளாதோர் பள்ளியில் பல காலம் பாடம் எடுத்தவர். மனு அனுப்பியவர்களில் அவரும் ஒருவர். "சிஸ்டர் பக்கத்துல நிக்கட்டும். எம் பொண்ணு தப்பாச் சொன்னா சிஸ்டர் நிறுத்தட்டும்."

தலைவி ஒத்துக்கொண்டார். சிஸ்டர் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு விஷயம் மட்டும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அம்மா சொல்றாங்கன்னு ஆரம்பிக்காத. நான்னு சொல்லு. பேசறது அவங்க. நீ குரல் மட்டுந்தான்."

அம்மா பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். இரண்டு கையும் தாராளமாக அசைய வேண்டுமே. தலைவியின் முகத்தைப் பார்த்தபடி ஆரம்பித்தாள்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போனா டோக்கன் தருவாங்க. நம்பரைக் கூப்பிடுவாங்க. எனக்குக் கேக்காது. பக்கத்துல இருக்கறவங்க மூஞ்சியையே பாத்துக்கினு இருப்பேன். அவங்க எழுந்தா எனக்கு அடுத்ததோன்னு எழுந்துப்பேன். எல்லாரும் போனப்புறம் யாராவது வந்து இன்னும் ஏன் குந்தினு இருக்கேன்னு கேப்பாங்க. அதனால நான் தனியா போறதில்ல. எம் பொண்ணக் கூட்டிக்கினு போவேன்."

நான் சொல்லிக்கொண்டே வந்தேன். சிஸ்டர் தலையசைத்துக்கொண்டே வந்தார். இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதை. அடுத்தது அப்படி இல்லை.

"ஒரு தடவ எனக்கு ரத்தம் போயிட்டே இருந்துச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். எம் பொண்ணு அப்ப மூணாங்கிளாஸ். டாக்டர் அவகிட்டதான் சொன்னாரு. அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்கணும், அம்மாகிட்ட சொல்லுன்னாரு."

அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. கர்ப்பப்பை என்ற வார்த்தையே அன்றுதான் எனக்குப் புதிது. அதற்குச் சைகை தெரியாது. டாக்டரைக் கேட்டேன், பாப்பா இருக்கிற பை என்றார். நான் பாப்பாவைத் தாலாட்டுவதுபோல் கையை வைத்து, பை என்று காட்டி, எடுத்துவிடுவார்கள் என்று காட்டினேன். உடனே அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு அறையை விட்டு ஓடினாள். ஆபரேஷனுக்குப் பயந்துதான் ஓடினாள் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்ததும் உண்டு.

அம்மாவின் கைகள் மேற்கொண்டு சொல்லிக்கொண்டே போயின. அதைப் பார்த்ததும் என் வாய் நின்றுவிட்டது.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். தானே சொல்லட்டுமா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். அம்மா அதைக் கவனித்துவிட்டாள். சிஸ்டரைக் கையால் தடுத்து, என்னைப் பார்த்து ஒரே ஒரு சைகை செய்தாள். சொல்லு.

சொன்னேன்.

"பாப்பாவ எடுத்துடுவாங்கன்னு எம் பொண்ணு சொன்னா. எனக்கு இருக்கறது ஒரே பாப்பாதான். அவதான். காது கேக்காதவளுக்குக் கொழந்தய வளக்கத் தெரியாதுன்னு அவள எங்கிட்டேருந்து புடுங்கிக்கப் போறாங்கன்னு நெனச்சேன். ஊர்ல அப்படி நெறைய பேர் சொல்லியிருக்காங்க. அதனால அவளத் தூக்கிக்கினு ஓடுனேன். வாசல் கேட்டு வரைக்கும் ரத்தம் சொட்டச் சொட்ட ஓடுனேன். ஒரு நர்ஸம்மா ஓடியாந்து, தன் வயித்தத் தொட்டுக் காட்டி, என் வயித்தத் தொட்டுக் காட்டிப் புரியவெச்சாங்க. அவங்க வர்லன்னா நான் இன்னிக்கு இங்க நின்னுகினு இருக்க மாட்டேன்."

இதில் வரும் 'நான்' என் அம்மா. 'எம் பொண்ணு' நான். என் வாயால் என்னையே அவள் தூக்கிக்கொண்டு ஓடினாள். என் குரல் உடையவில்லை. உடைந்தால் அவள் பேச்சு நின்றுவிடும் என்று தெரிந்ததால் உடையவில்லை. சிஸ்டர் தலைவியைப் பார்த்து, "ஒரு வார்த்தைகூட மாறல மேடம்" என்றார்.

தலைவி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "உங்களுக்கு என்ன வேணும்?"

அம்மா யோசிக்கவே இல்லை.

"டாக்டர்கிட்ட நானே பேசணும். அதுக்கு ஒரு ஆள் வேணும். அந்த ஆள் எம் பொண்ணா இருக்கக் கூடாது."

ஒரு உறுப்பினர், மகள் நன்றாகத்தானே சொல்கிறார் என்று கேட்டார். அம்மா சிரித்துவிட்டாள்.

"நல்லாதான் சொல்றா. ஆனா பொண்ணுகிட்ட எல்லாத்தையும் சொல்ல முடியுமா? நீங்க உங்க ஒடம்ப டாக்டர்கிட்ட காட்டறப்ப உங்க புள்ளய நடுவுல நிக்க வெப்பீங்களா?"

அந்த உறுப்பினரும் சிரித்துவிட்டார். மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

துறை அதிகாரி மறுபடி எழுந்தார். நான் இன்னொரு ஆட்சேபணைக்குத் தயாரானேன். அவர், "மேடம், டோக்கன் நம்பரை போர்டுல காட்டறது எங்க மட்டத்துலயே செய்யலாம். அதுக்கு டெல்லி வரைக்கும் போக வேண்டாம். ஆள் போடறதுக்குத்தான் மேலேருந்து உத்தரவு வேணும். நீங்க எழுதுனா நாங்க செய்வோம்" என்றார். நான் அதை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அம்மா உட்காரப் போனபோது அப்பா எழுந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை விரித்து ஆட்டினார். எங்கள் ஆட்கள் எல்லாரும் எழுந்து அப்படியே ஆட்டினார்கள். கைதட்டினால் கேட்காதவர்களின் கைதட்டல் அது. மேஜையில் இருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று பார்த்தார்கள். சிஸ்டர் விளக்கியதும் தலைவி முதலில் கையைத் தூக்கினார். பிறகு உறுப்பினர்கள். பிறகு அதிகாரிகள். சத்தமே இல்லாமல் ஒரு கூடம் நிறையக் கைகள் ஆடியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்று மற்றவர்களும் பேசினார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் தலைவி யாரையும் இடையில் நிறுத்தவில்லை. கிளம்பும்போது குழுவின் செயலக அதிகாரி ஒருவர், அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படும்வரை இங்கே பேசியதை வெளியில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அப்படி ஒரு முறை உண்டாம். அதனால் இத்தனை காலம் இதை நான் எழுதவில்லை. ஏரிக்கரையில் மட்டும் அம்மா இதைப் பலமுறை நடித்துக் காட்டியிருப்பாள்; குறிப்பாக, சுவிட்ச் போட்ட இடத்தை. அதை எழுத்துக் கணக்கில் சேர்க்க முடியாது என்று நினைக்கிறேன்.

அறிக்கை வந்த அன்று அதை என் கடையிலேயே அச்சடித்தேன். எங்களைப் பற்றிய பக்கங்களைத் தேடினேன். அம்மாவின் பெயர் இல்லை. ஊரின் பெயர் இல்லை. புதுச்சேரியின் கிராமப்புறக் கொம்யூன் ஒன்றைச் சேர்ந்த சாட்சி ஒருவர் கூறியதாக, அவள் சொன்னது ஒரு பத்தியில் இருந்தது. குடும்பத்தில் உள்ள குழந்தைகளை மருத்துவமனைகளில் மொழிபெயர்க்கச் சொல்லக் கூடாது, கிராமச் சுகாதார நிலையங்களிலும் சைகைமொழி பெயர்ப்பாளர் கிடைக்க வேண்டும் என்று பரிந்துரை. கீழே இன்னொரு வரி: காது கேளாதவர்கள் கலந்துகொள்ளும் கூட்டங்களில் விளக்குகளை அணைக்கக் கூடாது.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் அந்தப் பத்தியில் விரலை வைத்தாள்.

"இங்க என்னை இன்னான்னு போட்டிருக்காங்க?"

"சாட்சின்னு போட்டிருக்காங்க."

"பயனாளின்னு போடலியா?"

"இல்ல. சாட்சி."

பிறகு அந்தப் பக்கத்தை இன்னொரு பிரதி கேட்டாள். அது அப்பாவுக்காம்.

பரிந்துரை என்பது பரிந்துரைதான், உத்தரவு இல்லை. அது நடைமுறைக்கு வர நாளானது. நானும் இரண்டு மூன்று முறை நினைவூட்டி எழுதினேன். டோக்கன் போர்டு முதலில் வந்தது. சிவப்பு எண்கள் ஓடும். அதன் பிறகு ஒருநாள், வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் எங்கள் சுகாதார நிலையத்துக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் வருவார் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். பிள்ளைச்சாவடியைச் சேர்ந்த பெண். அண்ணனுக்குக் காது கேட்காததால் சின்ன வயதிலேயே சைகை பழகியவள்; பிறகு முறையாகப் படித்துச் சான்றிதழும் வாங்கியிருந்தாள்.

முதல் நாளே அம்மாவை அழைத்துப் போனேன். முட்டிவலிக்குத்தான். போர்டில் எண் வந்ததும் அம்மா தானாக எழுந்தாள். பழக்கத்தில் நானும் எழுந்தேன். அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தி பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"நீ இங்கயே குந்து."

கதவு மூடியது. கண்ணாடி வழியாக அவர்களின் தலை மட்டும் தெரிந்தது. அந்தப் பெண் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருக்க வேண்டும். அம்மாவின் விரல் மூக்கின் இரண்டு பக்கமும் போய் வந்ததைப் பார்த்தேன். அதற்குமேல் கைகள் தெரியவில்லை. முட்டிவலிக்கு இவ்வளவு நேரமா என்று தோன்றும் அளவுக்கு உள்ளே இருந்தாள். ஒருமுறை டாக்டர் வாய்விட்டுச் சிரித்தது வெளியில் கேட்டது. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை எதுவும் இல்லை. கையை எங்கே வைப்பதென்றுகூடத் தெரியவில்லை. எழுந்து போய் ஒரு டீ வாங்கிக் குடித்தேன்.

வெளியே வந்தவள் மருந்துச் சீட்டை என்னிடம் தரவில்லை. தன் ஜாக்கெட்டில் செருகிக்கொண்டாள்.

"டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"அது எனக்கும் டாக்டருக்கும்" என்று சொல்லிவிட்டு, மருந்து தரும் ஜன்னலை நோக்கி அவள் தனியாக நடந்து போனாள்.